கத்தரிக்காயும் மூன்று கொட்டேஷனும்

ஒருவழியாக பிஎச்டியின் கடைசி வாய்மொழித் தேர்வான வைவா முடிந்தது. நுழைவுத் தேர்வு, கோர்ஸ்வொர்க், ஆறு மாதத்துக்கொரு முறை குழுவின் முன் நிற்பது எல்லாம் பிஎச்டி செய்பவர்கள் அனைவரும் பட்டதுதான். பகுப்பாய்வு வேதியியலுக்கு வருகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

கத்தரிக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளப்பது என் வேலை. காயிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க 2003இல் வெளியான குவெச்சர்ஸ் முறைதான் அடிப்படை. அரைத்த காய் 10 கிராம், அசிட்டோநைட்ரைல் 10 மில்லி, மக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம், உப்பு 1 கிராம். குலுக்கி சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சாறு தயார். ஆனால் அதைக் கருவியில் ஓட்டும்போது வரைபடத்தில் எழும் பீக் (முகடு) எந்த மருந்துடையது, எவ்வளவு என்று சொல்ல, தூய்மை அளவும் காலாவதித் தேதியும் சான்றளிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க அதே மருந்தின் சுத்தமான மாதிரி, வேண்டும். மில்லிகிராம் கணக்கில் வரும் சின்னக் குப்பி. அதற்குத்தான் அத்தனை அலைச்சல்.

"மூணு கொட்டேஷன் இல்லாம ஃபைல் நகராதும்மா" என்றார் கொள்முதல் பிரிவு எழுத்தர். எனக்கு வேண்டிய ஸ்டாண்டர்டை ஒரே ஒரு டீலர்தான் தருகிறார் என்றேன். அப்படியானால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். மெயிலில் வந்ததைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், முத்திரையோடு ஒரிஜினல் வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? ஒரிஜினல் கூரியரில் வருவதற்குள் மார்ச் 31 தாண்டிவிட்டது. அந்த ஆண்டு நிதி போயிற்று. ஃபைல் மறுபடி முதல் மேசைக்கு.

கொட்டேஷன் கேட்கும்போதே ஒற்றைத் தயாரிப்பாளர் சான்றிதழையும் ஒரிஜினலாகக் கேட்டுவிடுங்கள். வந்து சேரும் நாளில் குறைந்தது ஒரு வருடமாவது காலாவதி பாக்கியிருக்க வேண்டும் என்று ஆர்டரில் எழுதுங்கள். எனக்கு வந்தது சில மாதங்களே மிச்சமிருந்த பழைய சரக்கு. கரைசலாக வாங்குவதைவிடப் பொடியாக வாங்கினால் பெரும்பாலும் அதிக நாள் தாங்கும்.

அடுத்த தலைவலி, மருந்தே படாத கத்தரிக்காய். காய்ச்சாற்றில் கூடவே வரும் மற்றப் பொருட்கள் மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) மருந்தின் சிக்னலை அமுக்கிவிடும். அதனால் வெறும் கரைப்பானில் போட்ட அளவீட்டுக் கோட்டை (எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு சிக்னல் என்ற கணக்கை) நம்ப முடியாது. மருந்தில்லாத காயின் சாற்றிலேயே போட வேண்டும். சந்தையில் வாங்கியதில் பீக். ஆர்கானிக் கடையில் இரட்டை விலைக்கு வாங்கியதிலும் பீக்! நான் புலம்புவதைக் கேட்ட லேப் உதவியாளர் அக்கா, "எங்கூட்டுக் கொல்லையில காய்க்குது கண்ணு, சாம்பல் தவிர ஒண்ணும் போடறதில்ல" என்று மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். ஓட்டிப் பார்த்தால் பீக்கே இல்லாத சுத்தமான அடிக்கோடு. தெரிந்த அளவு மருந்தைக் கலந்து பார்த்தேன். 70 முதல் 120 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைத்தால் போதும் என்பார்கள், எனக்கு உள்ளேயே நின்றது. அன்றைக்கு டீ என் செலவு. நன்றியுரையில் கைடுக்கு அடுத்த பெயர் அக்காவுடையது.

மாஸ் ஸ்பெக் வேறொரு பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. முன்பதிவு, துறைத்தலைவர் கையெழுத்து, ஐஸ் பெட்டியோடு பேருந்துப் பயணம், அவ்வளவுதான். ஹெச்பிஎல்சியில் (கலவையைத் திரவத்தோடு ஓட்டிப் பிரிக்கும் கருவி) பாஸ்பேட் பஃபர் கரைசல் பயன்படுத்துகிறவர்கள் அதை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். அது ஆவியாகாமல் கருவிக்குள் உப்பாகப் படியும் என்பதால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஃபார்மிக் அமிலம், அம்மோனியம் ஃபார்மேட் என்று ஆரம்பத்திலேயே மாறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஸ்டாண்டர்டோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழ் ஸ்டோர் ஃபைலுக்குள் போனால் திரும்பாது. குப்பியைப் பிரிக்கும் முன்பே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் கேட்டதே அதைத்தான். பின்னிணைப்பில் இருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். ஸ்டாண்டர்டின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) சரிபார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.