முட்டை கேட்டால் பிரெஞ்சு தெரியாது என்ற அம்மா

ஆங்கிலத்தில் முட்டைக்கு ஒரு காலத்தில் 'எய்' என்றும் பேர் இருந்தது, பன்மையில் 'எய்ரென்'. வழக்கொழிந்து எத்தனையோ காலம் ஆன சொல். எனக்கு இதன் மேல் தனிப் பிரியம், அதற்குக் காரணம் வில்லியம் காக்ஸ்டன்.

இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்தவர் அவர். 1490-ல் தான் அச்சிட்ட 'எனெய்டோஸ்' என்ற நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் நதியிலிருந்து, இன்றைய நெதர்லாந்தில் இருக்கும் ஜீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள் சிலர், காற்று இல்லாமல் கப்பல் நின்றுபோக, கரையில் இறங்குகிறார்கள். அதில் ஷெஃபீல்ட் என்ற துணி வியாபாரி ஒரு வீட்டில் போய்ச் சாப்பிட ஏதாவது கேட்கிறார், முக்கியமாக 'எக்ஸ்', அதாவது முட்டைகள், வேண்டும் என்கிறார். அந்த வீட்டு அம்மா, எனக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாதே என்கிறாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் பிரெஞ்சு அவருக்கும் தெரியாது! அப்புறம் இன்னொருவர் 'எய்ரென்' என்றதும்தான் அவளுக்குப் புரிந்ததாம்.

இரண்டும் ஒரே வேர்தான். 'எய்' பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது, தெற்கே புழங்கியது. 'எக்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல், அவர்களுடைய நார்ஸ் மொழியுடையது, அவர்கள் குடியேறிய வடக்கிலிருந்து மெல்ல மெல்லத் தெற்கே இறங்கியது. 'அவர்கள்', 'அவர்களை' என்பதற்கான 'தே', 'தெம்' கூட அப்படி வந்தவைதான். எந்தச் சொல்லை அச்சில் போடுவது, எக்ஸா எய்ரெனா என்று காக்ஸ்டன் அங்கேயே கேட்கிறார். அவரே தெற்கே கெண்ட் பகுதியில் பிறந்தவர் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது.

எய்ரெனுக்குள் இரண்டு பன்மை விகுதிகள் இருப்பது இன்னொரு அழகு. 'எய்ர்' வரைக்குமே பன்மைதான், அது மறந்துபோய் மேலே ஒரு 'என்' ஒட்டிக்கொண்டது. நம் 'அவர்' பன்மையாக இருந்தும் மேலே 'கள்' ஏறி 'அவர்கள்' ஆன மாதிரி. 'சில்ட்ரன்' என்பதும் இதே வகைதான், ஆனால் அது பிழைத்துக்கொண்டது. அந்த வணிகர்கள் போகவிருந்த பக்கத்து டச்சு மொழியிலோ முட்டைகளுக்கு இன்றைக்கும் 'எய்யெரென்'தான்.

ஆங்கிலத்திலும் 'எய்' முழுக்கத் தொலையவில்லை. கிழக்கு லண்டன்காரர்களை 'காக்னி' என்கிறோமே, அது 'கோக்கன்-எய்', அதாவது சேவல் இட்ட முட்டை. கோணலான சின்ன முட்டைக்கு அப்படிப் பேர், பிறகு செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைக்கு, பிறகு நகரத்து ஆளுக்கு, கடைசியில் லண்டன்காரருக்கு. அந்தக் கடைசி 'இ'தான் பழைய முட்டை.