பரந்யாசம் செய்துகொள்ளப் போகிறீர்களா? போனிலேயே கேட்டுவிடுங்கள்

பரந்யாசம், அதாவது ஆசார்யன் (குரு) மூலம் பெருமாளிடம் சரணாகதி செய்வது, அதற்காகத்தான் போனேன். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஆசார்யன் எழுந்தருளியிருந்த மூன்று நாளில் ஒரு நாள் வீணாய்ப் போனது இன்னும் உறுத்துகிறது. போனில் கேட்டபோது மடத்து ஆபீசில் சொன்னது ஒரே வார்த்தை: "வாங்கோ." மாரத்தஹள்ளியிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து ஒன்பதரைக்குப் போய் நின்றால், "ஹோமம் முடிஞ்சுடுத்தே. சமாச்ரயணம் ஆயிடுத்தா? அது ஆகாம பரந்யாசம் கிடையாது. காபி சாப்பிட்டேளா?" என்று அடுக்கினார்கள். திரும்பி வந்தேன்.

ஸ்ரீவைஷ்ணவர்களில் வடகலை சம்பிரதாயத்தில், தோள்களில் சங்கு சக்கர முத்திரை பெறும் சமாச்ரயணம் முதலில், பரந்யாசம் பிறகுதான். ஹோமம் எத்தனை மணிக்கு, இரண்டும் ஒரே நாளில் நடக்குமா என்று முன்பே கேளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடமும் மடத்திலும் சொல்லிவிடுங்கள், சூட்டுக் காயம் ஆற நாளாகலாம். ஆண்களுக்குப் பஞ்சகச்சம், பெண்களுக்கு மடிசார். ரவிக்கைக் கை தோள்வரை ஏறும்படி தளர்வாக இருக்கட்டும். பழம், வெற்றிலை பாக்கு, முடிந்த சம்பாவனை (காணிக்கை) கொண்டு போங்கள்.

ஹோம அக்னியில் காய்ச்சிய சக்கரம் வலத் தோளில், சங்கு இடத் தோளில். முத்திரை தோளில் படும் நேரம் ஒரு நொடிதான். பயத்தில் தோளை இழுத்தால் முத்திரை கலைந்து புண்ணும் பெரிதாகும். ஆறும்வரை அங்கே சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

பரந்யாசம் அதைவிடச் சுருக்கம். ஆசார்யன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, சேவிக்க வேண்டியது. வேலை நிலைக்க, வழக்கு ஜெயிக்க என்று நினைத்துப் போகாதீர்கள். இது மோக்ஷத்துக்காக, ஆத்மாவைக் காக்கும் பாரத்தையே பெருமாளிடம் ஒப்படைப்பது.

சிரமம் வீட்டுக்கு வந்த பிறகுதான். பரந்யாசத்தின் ஐந்து அங்கங்களில் "என்னால் ஆவது ஒன்றுமில்லை" என்ற கார்ப்பண்யம் வாழ்க்கையில் அடிபட்டவர்களுக்குச் சுலபமாக வரும். "அவன் காப்பான்" என்ற மகாவிச்வாசம் நழுவும். ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அடியேன் மறுநாளே மடத்துக்கு ஓடி, இன்னொரு தடவை செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் சுந்தர காண்டத்தை எடுத்தார். இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தில் அனுமன் கட்டுண்டு கிடக்கிறான். அது போதாதென்று ராக்ஷசர்கள் சணல் கயிற்றையும் மரவுரியையும் சுற்றி இறுக்குகிறார்கள். வேறு கட்டு சேர்ந்தால் அஸ்திரம் நிற்காது; அந்தக் கணமே தானாக அவிழ்ந்துவிடுகிறது. "பரந்யாசம் ஒரே தடவைதான். கயிறு தேடாதீங்கோ," என்றார்.

சந்தியாவந்தனத்தையும் திருவாராதனத்தையும் (வீட்டுப் பெருமாள் பூஜை) விட்டுவிடக் கூடாது. ஆனால் கைங்கரியமாகச் செய்யுங்கள். மோக்ஷத்துக்குத் தவணை கட்டுவதாக நினைத்தால் அதுவும் கயிறுதான். ராத்திரி விழிப்பு வந்து பழைய சந்தேகம் தலைதூக்கினால், சரணாகதி மந்திரமான த்வயத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன்.