உள்ளான்களைத் தேடி கோடியக்கரைக்கு

ஜனவரி விடியலில் கோடியக்கரைச் சேற்றுவெளியில் தொலைநோக்கியைப் பொருத்தி நின்றபோது, வளைமூக்கு உள்ளான் ஒன்று, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்த கறுத்த அலகைக் கண்வரை சேற்றில் புதைத்து, ஒரு புழுவை அறுந்துவிடாதபடி மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள இப்பறவை சைபீரியாவின் தூந்திரத்தில், அதாவது மரங்களற்ற உறைநிலச் சமவெளியில், முட்டையிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வருகிறது. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை 'அழிவாய்ப்பு நிலை'க்கு மாற்றியது.

இங்கே இப்பறவைகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பது மட்டும் போதாது என்பது என் கருத்து. தூந்திரத்தில் பனிநரிகளின் வழக்கமான இரையான லெமிங் எலிகள் குறையும் ஆண்டுகளில் பனிநரிகள் இவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் நாடுவதால், அந்தப் பருவத்தில் இளம்பறவைகள் மிகக் குறைவாகவே வந்து சேர்கின்றன. ஆகவே, கூட்டத்தில் இளம்பறவைகளின் விகிதத்தை ஆண்டுதோறும் பதிந்தால்தான், குறைவுக்குக் காரணம் இனப்பெருக்கத் தோல்வியா, வழியிலும் வலசையிடங்களிலும் நேரும் இறப்பா என்று பிரித்தறிய முடியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு நெடுங்காலமாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வருகிறது; ஆனால் வளையம் மீண்டும் கண்ணில் பட்டால்தானே பயன்? எடை குறைந்த செயற்கைக்கோள் கருவிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வேதாரண்யத்தைச் சுற்றிய உப்பளங்களும் மழைநீர் வரத்தும் சேற்றின் உப்புத்தன்மையை மாற்றுகின்றன. அதற்கேற்பப் புழுக்களும் மாறுகின்றன. பறவையை எண்ணுவோர் அதே நாளில் ஒரு கைப்பிடிச் சேற்றையும் சலித்துப் பார்க்கலாம்.