ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் ஆரம்பம்

பல நாட்டவர் சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகத்தில், புதிதாக வருபவருக்கு முதல் வாரம் ராஜமரியாதைதான். கூடவே ஒரு வழிகாட்டி, விருந்து, பண்பாட்டு வேறுபாடுகள் பற்றி அரைநாள் வகுப்பு. ஒரு மாதத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். ஆள் தடுமாறத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கப்புறம்.

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் கல்வி உதவித்தொகையில் அமெரிக்காவில் தங்கிவிட்டு நாடு திரும்பிய நார்வேக்காரர்களைப் பற்றி சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955-இல் எழுதினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்கள், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் இரு சாராருமே அமெரிக்க வாழ்க்கையோடு நன்றாகப் பொருந்திப்போயிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். முதல் நாளிலிருந்தே திணறுகிறவர்களும் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியதால், இதை எல்லாருக்குமான விதியாக வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் வேலையிடத்தில் இதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். ஆரம்பத்தில் தவறினால் 'பாவம், புதுசு' என்று விடுகிறார்கள். அதே தவறு எட்டாம் மாதத்தில் நடந்தால் 'திமிர்' ஆகிவிடுகிறது.

அதனால் 3, 6, 12-ஆம் மாதங்களில் புதியவரோடு அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பேசுபவர் அவருக்கு மதிப்பீடு எழுதுகிறவராக இருக்கக்கூடாது. இருந்தால் ஒன்றும் வெளியே வராது. 'எப்படிப் போகிறது?' என்றால் 'நன்றாகப் போகிறது' என்பார், அத்தோடு முடிந்தது. 'இந்த மாதம் எந்தக் கூட்டத்தில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டீர்கள்?' என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரும்பாலும் ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்டே சொல்வார்.

சொல்லாமல் விடுவதற்குக் காரணம் எளிது. சிலர் ஊரில் நடுவில் புகுந்து பேசுவது ஆர்வத்தின் அடையாளம். சிலர் ஊரில் அடுத்தவர் முடித்து, ஒரு மூச்சு விட்ட பிறகே வாய் திறப்பார்கள். இரு வகையினரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் இரண்டாம் வகையினருக்குப் பேச வாய்ப்பே வராது. 'அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை' என்று முதல் வகையினர் முடிவு கட்டிவிடுவார்கள். பேசவேண்டியவற்றை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். கூட்டம் தொடங்கியதும் 5 நிமிடம் எல்லாரும் தங்கள் கருத்தை எழுதட்டும். பிறகு இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வாசிக்கட்டும்; தலைமை கடைசி. தலைவர் முதலில் பேசிவிட்டால், மூத்தவரை மறுத்துப் பழகாதவர்கள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

உணவு விழா, உடை விழா எல்லாம் நடக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் ஒருவரோடொருவர் பழகுவதால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொல்லிவிட்டார். தொலைபேசிக் கூட்டத்துக்காக எப்போதும் ஒரே நாட்டுக்காரர்கள்தான் நள்ளிரவில் விழித்திருக்கிறார்கள் என்றால் சம அந்தஸ்து எங்கே இருக்கிறது? நேரத்தை மாதாமாதம் சுழற்ற வேண்டும். குறிப்பெடுக்கும் வேலையையும் அப்படித்தான்.

தாய்மொழிப் பேச்சுக்குத் தடை போடும் நிர்வாகங்களும் இருக்கின்றன. வீண் வேலை. இடைவேளையில் சொந்த மொழியில் பேசுவது களைப்பைத்தான் ஆற்றுகிறது. சிக்கல் வருவது, அந்தப் பேச்சிலேயே வேலை சம்பந்தமான முடிவும் எடுக்கப்படும்போது. அப்படி ஒன்று நடந்தால் என்ன முடிவு, யார் எடுத்தது, எப்போதிலிருந்து என்பதை அன்றைக்கே பொதுமொழியில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிட வேண்டும். தேதியில் மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள்: 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4.