பெயர் சிதறினால் எண்ணும் சிதறும்

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவரின் பெயர் இடத்துக்கு இடம் மாறினால், மற்றவர்கள் அவர் கட்டுரைகளைக் குறிப்பிடும் மேற்கோள்களின் கணக்கும் சிதறிவிடும். உதாரணத்துக்கு ராமையா செல்வராணி என்ற ஆய்வாளரின் பெயரை எடுத்துக்கொள்வோம். ராமையா அப்பாவின் பெயர். ஆய்விதழின் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. முதல் கட்டுரைக்கு அதில் தன் பெயரையே போடுகிறார்; மேற்கோள் பட்டியல்களில் 'செல்வராணி ஆர்.' ஆகிறார். அடுத்த கட்டுரைக்கு அப்பா பெயரைப் போடுகிறார், 'ராமையா எஸ்.' ஆகிவிடுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்தால் மூன்றாவது ஆள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடிக் குறைந்தால் நாலாவது ஆள்.

இதில் என்ன நட்டம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எச் இன்டெக்ஸ் என்பது ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் காட்ட 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. கட்டுரைகளை, மேற்கோள் அதிகமானது முதலாவதாக வரும்படி அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் எந்தக் கட்டுரை வரை இருக்கிறதோ, அந்த எண்தான் விடை. செல்வராணியின் ஏழு கட்டுரைகளுக்கு 25, 14, 9, 6, 5, 3, 1 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவதற்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 3தான். எச் இன்டெக்ஸ் 5. இதே கட்டுரைகள் இரண்டு பெயர்களில் பிரிந்து, ஒன்றில் 25, 6, 5, மற்றதில் 14, 9, 3, 1 என்று கிடந்தால் இரண்டிலும் 3தான் வரும். உழைப்பு ஒன்றும் குறையவில்லை. ஆனால் பதவி உயர்வு விண்ணப்பத்தில் 3 என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆய்வைத் தொடங்கும் நாளிலேயே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண்ணை இலவசமாக எடுங்கள். 16 இலக்கம், ஐந்து நிமிட வேலை. அதில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் உங்களுக்கென ஒரு பக்கம் திறந்து, பல்கலைக்கழக மின்னஞ்சலால் உறுதிப்படுத்தி, ஒவ்வொரு பெயர் வடிவத்தையும் தேடிக் கட்டுரைகளைச் சேருங்கள். ஒரே கட்டுரை இரண்டு தடவை வந்தால் இரண்டையும் தெரிவு செய்து ஒன்றாக்கலாம். தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டு, உங்களைக் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதே முதலெழுத்துள்ள வேறொருவரின் கட்டுரைகள் உங்கள் கணக்கில் ஏறும். நேர்காணலில் அது பெரிய அவமானம். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் திரட்டி வைக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் எழுத்தாளர்களுக்குத் தானாகவே எண் கொடுப்பதால் ஒருவருக்கே இரண்டு மூன்று எண்கள் விழும். அவற்றை ஒன்றாக்கச் சொல்லி இலவசமாகக் கேட்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது: ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு. அதில் தட்டிய பீடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். ஆனால் 'அம்மா' என்ற சொல்லைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் படிக்கும். தமிழில் தேடுகிற எவருக்கும் அந்தக் கட்டுரை அகப்படாது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினிக்குச் சொல்லும் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் ஆங்கிலத்திலும் கொடுங்கள். கட்டுரையை இணையத்தில் நிரந்தரமாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணை இதழ் வழங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையைத் தேடிப் பிடிக்க உதவும் சாவிச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத் தமிழர், இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், தோட்டத் தொழிலாளர் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். லயம் என்ற தோட்ட வரிசை வீடு, தோட்டப் பாடசாலை, நாட்கூலி பற்றி எழுதும்போது உங்கள் மனதுக்குச் சரியான பெயரைத் தலைப்பில் வையுங்கள்; மற்றவற்றைச் சாவிச் சொற்களில் போடுங்கள். நியாயமான பெயருக்காக வாதாடுவதும் வேண்டும், வெளிநாட்டில் பழைய பெயரால் தேடுகிற மாணவருக்கு அகப்படுவதும் வேண்டும்.

எச் இன்டெக்ஸோடு அடிக்கடி பேசப்படும் இன்னொரு எண் இம்பாக்ட் ஃபாக்டர். அது ஆளை அளப்பதல்ல, இதழை அளப்பது. ஒரு இதழ் 2022, 2023 இரண்டு வருடங்களில் 120 கட்டுரை வெளியிட்டு, அவற்றுக்கு 2024இல் 180 மேற்கோள் வந்தால் 1.5. சராசரி என்பதால் ஒரேயொரு கட்டுரை அதைத் தூக்கிவிடலாம். அதை வைத்து ஆளை எடைபோட வேண்டாம் என்று ஆய்வை மதிப்பிடும் முறை பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இலேயே சொல்லிவிட்டது.

இனி வெளியிடுவதற்கு வருவோம். 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று தொடங்கி மூன்று நாளில் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் மின்னஞ்சலுக்குப் பதிலே போடாதீர்கள். அதே துறை அறிஞர்கள் கட்டுரையைப் படித்துச் சொல்லும் மதிப்பாய்வு என்றால் வாரங்கள், மாதங்கள் எடுக்கும். இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் ஸ்கோபஸ் பட்டியலிலும், இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயிலும் நீங்களே தேடிப் பாருங்கள். இதழின் தளத்தில் ஒட்டியிருக்கும் இலச்சினையை நம்ப வேண்டாம். நல்ல இதழ்களின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு.

கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட எழுத்தாளரிடம் கேட்கும் ஓபன் அக்சஸ் கட்டணம் டொலரில் வரும்போது ஒரு விரிவுரையாளரின் சம்பளத்தில் அது முடிகிற காரியமல்ல. முழுவதையுமோ ஒரு பகுதியையோ தள்ளுபடி செய்யும் பதிப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் அதைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. சந்தா இதழ்கள் பலவற்றுக்கு எழுத்தாளர் பணம் கட்டத் தேவையில்லை.

மதிப்பாய்வுக்கே போகாமல் இதழாசிரியர் மேசையிலிருந்து திரும்புகிற கட்டுரைகளில் அடிக்கடி காணும் குறை ஒன்று: ஹட்டனில் ஒரு தோட்டத்தில் எடுத்த தரவு, ஹட்டனைத் தாண்டி யாருக்கு ஏன் தேவை என்பது முன்னுரையில் இல்லாதது. அஸ்ஸாமிலோ கென்யாவிலோ தேயிலை ஆய்வு செய்கிறவர் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிடுங்கள். திருத்தம் கேட்டு வந்தால் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே பிரதி செய்து, அதன் கீழே பதிலையும் மாற்றிய வரி எண்ணையும் எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். 'திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதுவதுதான் மதிப்பாய்வாளரைக் கோபப்படுத்தும்.

மேற்கோள் எண்ணிக்கைக்குள் வராத பயனும் இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சுற்றறிக்கையைப் பார்த்துக் கவ்வாத்து வெட்டும் முறையையோ உரத்தையோ மாற்றுகிற கண்டக்டர், அதாவது தோட்ட வேலையை மேற்பார்க்கும் அலுவலர், ஆய்விதழில் எழுதுவதில்லை. உங்கள் முடிவு அப்படி ஒரு சுற்றறிக்கையிலோ, பாடசாலைப் பயிற்சிக் கையேட்டிலோ, மருத்துவ அலுவலரின் அறிக்கையிலோ வந்திருந்தால் இலக்கத்தையும் திகதியையும் குறித்து, பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். வருடங்கள் கழித்துத் தேடினால் அந்தத் தாள் கிடைக்காது.