வெறுப்பில்லாத பாகுபாடு

மனிதவளத் துறையில் பாரபட்சப் புகார்களை விசாரிக்கும்போது, புகாருக்கு ஆளானவர் பெரும்பாலும் சொல்வது, "எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாதுங்க" என்பதுதான். அதை நான் நம்புகிறேன். ஆனால் வெறுப்பு இல்லாமலே பாகுபாடு நடக்கும். ஒருவரைப் பிடிக்காமல் ஒதுக்குகிறவர்களைவிட, 'நம்ம ஆள்' என்று ஒருவரைத் தூக்கிவிடும் வேகத்தில் அடுத்தவரைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் போர்க்கைதியாக இருந்துவிட்டுத் திரும்பியபோது அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர், மனிதர்கள் கட்சி பிரிய மிகக் குறைந்தபட்சம் என்ன தேவை என்று ஆராய்ந்தார். 1970இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களிடம், "கிளே, காண்டின்ஸ்கி இரண்டு பேரில் யாருடைய ஓவியம் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். அந்த விருப்பப்படி பிரித்ததாகச் சொல்லி, உண்மையில் மனம்போனபடி இரண்டு குழுவாக்கினார்கள். பிறகு பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாது, எந்தக் குழு என்பது மட்டும் தெரியும். தான் பங்கிடுவதில் தனக்கென்று ஒரு காசும் வராது. அப்படியும் சொந்தக் குழுவுக்குத்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் குழுவின் பங்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதுதான் பல சிறுவர்களின் கணக்கு.

நான் வேலை பார்த்த ஆலையில் ஷிஃப்ட் அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பகல் ஷிஃப்டில் கன்வேயர் பெல்ட் நின்றால், பகல் மேற்பார்வையாளர் 'பெல்ட் தேய்மானம், மாற்றுப் பாகம் வரவில்லை' என்று எழுதுவார். அதே பெல்ட் இரவில் நின்றிருந்தால், காலையில் வந்து 'கவனக்குறைவு' என்று எழுதுவார். இரவு ஷிஃப்டுக்காரர் இதையே திருப்பிச் செய்வார். எதிர்த்தரப்பு நல்ல உற்பத்தி காட்டினால், "அன்னைக்கு வேலை லேசு." உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979இல் விவரித்த கோணல் இதுதான்: நம் குறைக்குச் சூழ்நிலை காரணம், அவர்கள் குறைக்கு அவர்களுடைய குணம் காரணம். ஷிஃப்டுக்கே இப்படி என்றால், தலைமுறை தலைமுறையாக வரும் சாதி, மத, நிறப் பிரிவுகளில் 'கவனக்குறைவு' என்பது "அவங்க புத்தியே அப்படித்தான்" என்று ஆகிவிடுகிறது.

சரி, பழகவிட்டால் தீருமா? எங்கள் நிர்வாகம் கூட்டு விருந்து வைத்தது. இரண்டு ஷிஃப்டும் தனித்தனி மேசையில் சாப்பிட்டுவிட்டுப் போனது. உளவியலாளர் முசாபர் ஷெரிஃப் 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய சிறுவர் முகாமிலும், போட்டியால் பகையான இரண்டு குழுக்களை ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது உணவை எறிந்துதான் சண்டை போட்டார்கள். தண்ணீர் நின்றுபோய், எல்லோரும் சேர்ந்தால்தான் சரிசெய்யலாம் என்ற நிலையும், அதுபோன்ற வேறு வேலைகளும் வந்த பிறகே பகை தணிந்தது. சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு என்று, பழகுவது பலன் தர வேண்டுமானால் தேவையான நிபந்தனைகளை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் அதே ஆண்டு சொன்னார். நாங்கள் 'காரணம்' கட்டத்தை இரண்டு ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களும் சேர்ந்து எழுத வேண்டும் என்று மாற்றினோம். வாக்குவாதம் நீண்டது. ஆனால் 'கவனக்குறைவு' என்ற சொல் குறைந்தது.

என்னை அதிகம் கோபப்படுத்துவது நேர்காணல் அறை. 1974இல் வெளியான, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், வெள்ளை இன மாணவர்கள் கறுப்பின விண்ணப்பதாரர்களை நேர்கண்டபோது நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்தார்கள். அடுத்த சோதனையில் வெள்ளை இன விண்ணப்பதாரர்களையே அப்படி நடத்தியபோது அவர்களும் சொதப்பினார்கள். தோற்கும்படி நடத்திவிட்டு, "ஆள் சரியில்லை" என்று குறிப்பு எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதனால் நான் அமரும் நேர்காணல்களில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒரே நேரம். கலந்து பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். "இயந்திரத்தனமா இருக்கு, ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று சில மேலாளர்கள் சொல்கிறார்கள். ஆளைப் பார்த்து என்ன தெரிந்தது என்று குறிப்பில் எழுதித் தரச் சொல்கிறேன்.