பிறர் கதைகளைத் திருப்பி அனுப்பியவர்

எழுதக் கற்றுத்தரும் நூல்களை நான் பெரும்பாலும் ஐயத்தோடுதான் திறப்பேன். அதிலும் கொலையாளியைக் கடைசிப் பக்கம்வரை மறைத்துவைக்கப் பழகியவர் தம் தொழில் இரகசியத்தை மட்டும் தாராளமாகச் சொல்லிவிடுவாரா என்று தோன்றும். அமெரிக்க மர்ம நாவலாசிரியர் லாரன்ஸ் பிளாக் ஒரு விதிவிலக்கு.

1938இல் பஃபலோ நகரில் பிறந்த அவர், கல்லூரி மாணவராக இருந்த காலத்திலேயே எழுத்தாளர்களின் படைப்புகளைப் பதிப்பாளர்களிடம் விற்றுத்தரும் நியூயார்க்கின் இலக்கிய முகவர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். புதியவர்கள் கட்டணம் செலுத்தி அனுப்பும் கதைகளைப் படித்து, அவை ஏன் விலைபோகா என்று விளக்கிக் கடிதம் எழுத வேண்டும். எழுதியவரின் திறமையைப் புகழ்ந்து, பழியைக் கதைப்பின்னலின்மேல் போட்டுவிட்டால், அவர் இன்னொரு கதையோடும் கட்டணத்தோடும் திரும்பி வருவார். நேர்மையான வியாபாரம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனால் நல்ல கதையைப் படிக்கும்போது அதில் மூழ்கிவிடுகிறோம். எது எங்கே பிசகுகிறது என்பது மோசமான கதையில்தான் பளிச்சென்று தெரிகிறது. எழுதக் கற்றுத்தரும் பிளாக்கின் ஆற்றலுக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1958இல் முதல் கதை ‘மேன்ஹன்ட்’ என்ற குற்றக்கதை இதழில் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகள் பல புனைபெயர்களில் பிழைப்புக்காக எழுதித் தள்ளினார். 1961இல் வந்த தம் துப்பறியும் நாவல் ஒன்று உருவான கதையைப் பின்னாளில் அவரே பாடமாக்கினார். முதல் அத்தியாயத்தில் துப்பறிபவரிடம் சிக்கல் விளக்கப்படுகிறது. இரண்டாவதில் அவர் ஒரு பிணத்தைக் கம்பளத்தில் சுருட்டி நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குக் கொண்டுபோகிறார். இரண்டு அத்தியாயங்களையும் இடம் மாற்றும்படி பிளாக்கின் முகவர் சொன்னார். அப்படியே மாற்றினார். பிணம் முன்னே வந்தது, விளக்கம் பின்னே போனது. வாசகர் காரணம் தேடிப் பக்கம் புரட்டத் தொடங்கினார்.

இத்தகைய அனுபவங்களே எழுத்தாளர்களுக்கான ‘ரைட்டர்ஸ் டைஜஸ்ட்’ இதழில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் எழுதிய பத்திகளுக்குச் சரக்கு. அவற்றின் முதல் தொகுப்பு 1981இல் வெளிவந்தது. எண்பதுகளில் மனைவியோடு ஊர் ஊராகச் சென்று பயிலரங்குகளும் நடத்தினார். எழுதுபவரின் மனத்தடைகளை அகற்றுவதே அவற்றின் நோக்கம். எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு ஈடுபாடில்லை.

அவருடைய புனைவே அதைவிட நல்ல வகுப்பு. குடிப்பழக்கத்தோடு மல்லாடும் முன்னாள் காவலர் மேத்யூ ஸ்கடரை 1976இல் அறிமுகப்படுத்தினார். 1982இல் வந்த நாவலில் அந்தப் போராட்டம் ஒரு முடிவை எட்டிவிட, தொடருக்கு இனி வழியில்லை என்றே அவருக்குத் தோன்றியது. ஆனால் 1986இல், ஸ்கடர் குடித்துக்கொண்டிருந்த 1975ஆம் ஆண்டுக்கே கதையைக் கொண்டுபோய், அந்தத் தொடரின் மிகச் சிறந்ததென்று நான் கருதும் நாவலை எழுதினார். அதன் பிறகு ஸ்கடரும் ஆசிரியரோடு சேர்ந்தே மூப்படைந்தார்.

1994இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் அவருக்கு ‘கிராண்ட் மாஸ்டர்’ விருதளித்தது. எண்பது வயதைக் கடந்தபின் தெற்குக் கரோலைனாவின் நியூபெரி கல்லூரியில் வருகைதரு எழுத்தாளராகச் சேர்ந்து, மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார்.